வில்லுக்கு எண்ணெய் வைத்த கதை

உங்கள் அக்கா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என்னை அரை முட்டாளாகவும் உங்கள் அம்மாவை முழு அறிவாளியாகவும் ஆக்கிச் சொல்கிறாள். நீங்கள் இருவரும் அன்று சிரம்பானில் மாமா வீட்டில் இருந்தீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். படித்த பிறகு நான் முழு முட்டாள் என்று தோன்றினால் அது உங்கள் விருப்பம்.

அக்காவின் செல்லோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வயலினின் பெரியப்பா மாதிரி இருக்கும். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து வாசிக்க வேண்டும். இடைநிலைப் பள்ளியில் கற்றுக்கொண்டாள். வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. நம் மாநிலத்து ஊர்களில் வாசிக்கும் ஒரு சிம்பொனி இசைக்குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது பேர் கொண்ட குழு. வருடத்தில் சில மாதங்கள்தான் அவர்களுக்குக் கச்சேரிக் காலம். அந்த முறை நான்கு கச்சேரிகள்: போர்டிக்சன், சிரம்பான், ரந்தாவ், கடைசியாகக் கோலா கிளாவாங்.

சேர்த்துக்கொண்டார்களே தவிர, நாற்காலி இன்னும் உறுதியாகவில்லை. குச்சியை ஆட்டி எல்லாரையும் நடத்துகிறவர், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். “முதல் கச்சேரியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அவருக்கு அக்காவிடம் ஒரே ஒரு குறை. சத்தமாக வாசிக்கிறாள், பக்கத்தில் இருப்பவர்களைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. செம்பனை லாரி ஓட்டுகிற அப்பனோடு பேசி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி வாசிக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நாற்காலி போய்விடும்.

முதல் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. ஆயுத பூசையும் அன்றுதான்.

நம் வீட்டுப் பூசையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி, கார், மோட்டார் சைக்கிள், நான் செம்பனைக் குலை வெட்டிய காலத்து நீளக் கம்பு அரிவாள், அம்மாவின் தையல் மெஷின், கத்தரிக்கோல் என்று வீட்டில் உழைக்கிற எதையும் விடமாட்டோம். துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். இதில் எண்ணெய்தான் முக்கியம். துருப்பிடித்த அரிவாளைக் கும்பிட்டு என்ன பயன்?

முதல் நாளே அக்கா எச்சரித்தாள்.

“பா, செல்லோவ பூசைல வைங்க, வேணாங்கல. ஆனா பூ மட்டும். சந்தனம் வேணாம், தண்ணி வேணாம்.”

“சரிம்மா.”

“சரின்னு சொல்லிட்டு செய்வீங்க, எனக்குத் தெரியும்லா.”

“பெத்த அப்பன நம்ப மாட்டியா?”

“லாரி ரேடியோவுக்கே குங்குமம் வெச்சவரு நீங்க.”

செல்லோவுக்கு நான் பூ மட்டும்தான் வைத்தேன். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் வில்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வில் பெட்டி மூடியின் உள்பக்கம் மாட்டியிருந்தது. குதிரைவால் முடி கட்டிய வில். அந்த முடி தொய்ந்து கிடந்தது; மேலெல்லாம் மாவு கொட்டியது போல வெள்ளைத் தூசி. வாசிக்காத நேரத்தில் முடியைத் தளர்த்தி வைப்பார்கள், அந்த வெள்ளை ஒரு மரப்பிசினின் தூள், அது இருந்தால்தான் முடி கம்பியைப் பிடித்துச் சத்தம் வரும் என்பதெல்லாம் பதினொரு மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தெரியவில்லை. வேலை வேலை என்று ஓடும் பிள்ளை, தன் பொருளைக் கவனிக்க நேரமில்லாமல் விட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். துணியால் தூசியைத் துடைத்தேன். முடிதானே என்று விரலில் நல்லெண்ணெய் தொட்டு, மேலிருந்து கீழே நீவிவிட்டேன். பளபளவென்று வந்தது. அன்று பூசையில் இருந்ததிலேயே அதுதான் அழகு.

பதினொரு மணிக்கு அக்கா கறுப்புப் பாவாடையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, ஒரு தடவை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தாள். சைக்கிள் டியூபில் காற்று போவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி இழுத்தாள். பிறகு வில்லை மூக்கருகே கொண்டுபோனாள்.

“பா. இதுல என்ன போட்டீங்க?”

“லேசாத்தாம்மா. தல முடிக்கு வைக்கிற அளவுகூட இல்ல.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மூணு மணிக்குப்பா” என்றாள். பிறகு குழுவில் செல்லோ வாசிக்கும் மற்ற மூன்று பேருக்கும் போன் செய்தாள். இரண்டு பேரிடம் மாற்று வில் இல்லை. மூன்றாமவரின் மாற்று வில் கோலாலம்பூரில், பழுதுபார்க்கும் கடையில் இருந்தது.

அடுப்படியில் இருந்து அம்மா வந்தாள்.

“எண்ண வெச்ச முடிய அலசணும். அதுக்கு ஏன் ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“மா, கட்ட நனைஞ்சா போச்சும்மா.”

“கட்டைய நீ துணி சுத்திப் புடி. முடிய எங்கிட்ட விடு. உனக்குப் பன்னெண்டு வயசு வரைக்கும் தல குளிப்பாட்டினவ நானு.”

மங்கு, தட்டு கழுவும் சவர்க்காரத்தை நுரைத்து, முடியை மட்டும் கிண்ணத்தில் நனைத்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். எனக்குக் கொடுத்த வேலை, வில்லை மின்விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்கு முன் என்னை இரண்டு தடவை கை கழுவச் சொன்னார்கள். முடி காய்ந்துகொண்டிருந்தபோது அம்மா பழக்க தோஷத்தில் சாம்பிராணிப் புகையும் கொண்டுவந்துவிட்டாள். “மா, போதும்” என்று அக்கா நடுவில் வந்து நின்றாள். பாருங்கள், அம்மாவின் அறிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. இதை அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். போர்டிக்சன் போய்ச் சேரும்வரை பின் இருக்கையில் பிசின் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

மண்டபத்தில் எங்களுக்கு எட்டாவது வரிசை. எல்லா வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அக்காவின் வில்லும் ஏறி இறங்கியது. ஆனால் அதில் சத்தம் வருகிறதா? ஐம்பது பேர் வாசிக்கும்போது ஒருத்தியின் சத்தத்தை எப்படிப் பிரித்துக் கேட்பது?

“வருதாங்க?” என்றாள் அம்மா.

“தெரியலயே.”

“எண்ண போட்டவரு நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

இரண்டாவது பகுதியில் ஓர் இடத்தில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நான்கு செல்லோ மட்டும் மெதுவாக வாசிக்க வேண்டிய இடம். நான்கில் ஒன்று குறைந்தால் எனக்கே தெரிந்துவிடும். நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பக்கத்தில் இருந்த சீன ஆண்டியின் பக்கம் தலையைச் சாய்த்து, வில்லை வைத்தாள். தணிந்த சத்தம். நான்கும் ஒன்றாகவே வந்தன. முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தபோதுதான், அவருடைய சட்டைக் காலரையும் சேர்த்துப் பிடித்திருந்தது தெரிந்தது.

முடிந்ததும் நடத்துநர் எங்களிடம் வந்தார். “இன்றைக்குத்தான் நீ மற்றவர்களைக் காது கொடுத்துக் கேட்டு வாசித்தாய்” என்று மலாயில் அக்காவிடம் சொன்னார். “நாற்காலி உன்னுடையது. என்ன செய்தாய்?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“லத்திஹான், துவான்” என்றாள். பயிற்சி செய்தாளாம்.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். “எண்ணெ போட்டது நல்லதுக்குத்தான்னு இப்ப...”

“பா, முடி இன்னும் வழுக்குது. அழுத்தினா ஓடிடும். அதான் பயந்து பயந்து, ஆண்டி வாசிக்கறத கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிட்டேன்.”

“அப்ப எண்ணெயாலதான.”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள் அம்மா.

பிறகு வில்லுக்குப் புது முடி மாட்டினார்கள். ரந்தாவ் கச்சேரிக்கு நம் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நடத்துநர் இடது கையை அவள் பக்கம் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டியதை நான் பார்த்தேன். திரும்பும்போது, “கொஞ்சூண்டு வெச்சுப் பாக்கலாமா?” என்று மட்டும்தான் கேட்டேன். ரந்தாவிலிருந்து வீடு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் திட்டு வாங்கினேன்.

கோலா கிளாவாங்கில் மேடையேறப் போகும் நேரத்தில் அவளுடைய பின்னல் அவிழ்ந்துவிட்டது. மறுபடி பின்ன இரண்டு கையும் வேண்டும். சுற்றிப் பார்த்தாள், பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வில்லை நீட்டியவள், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். இடது கையையும் பார்த்தாள். அப்புறம்தான் கொடுத்தாள்.