காலண்டர் தாளின் கடைசி வரி

கம்பெனி வேனுக்குக் கிளம்பும் அவசரத்தில் காலண்டர் தாளைக் கிழித்தேன். சர்ரென்ற அந்தச் சத்தத்தில் அப்பா நினைவில் வந்துவிட்டார்.

சாயப்பட்டறைக்குப் போகுமுன், நீலம் ஏறிய விரல்களால் தாளைக் கிழித்து, அடியிலிருக்கும் பழமொழியை எழுத்தறியாத அம்மாவுக்கு வாசிப்பார். சண்டை போட்ட மறுநாள் தவறாமல் பொறுமையைப் பற்றியே வரும்.

"காலண்டர்காரனுக்கு என்ன, சொல்லிட்டுப் போவான்" என்று முனகிக்கொண்டே அம்மா மதியச் சோற்றுத் தூக்குப்போசியை நீட்டுவாள்.

நான் வாசிக்கப் பழகிய பிறகுதான் தெரிந்தது, தாளில் இருப்பது வேறு. அம்மாவிடம் சொல்லவில்லை.

"இன்னைக்கு என்ன போட்டிருக்குது கண்ணு?" இடுப்புவலியோடு வேலைக்கு எழப்பார்த்த என் கணவர் கேட்டார்.

உழைப்பைப் பற்றிப் போட்டிருந்தது.

"படுத்து ஓய்வெடுக்கச் சொல்லுதுங்க."

"ரெண்டு பேருக்குமா?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது.