குதிரைக்காரியும் குனிந்த தலைகளும்

ரேடியோ அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது போலிருக்கிறது.

எங்களுடையது சட்டைத் தொழிற்சாலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டுவது எங்கள் மேஜையின் வேலை. மேஜைக்கு ஆறு பெண்கள். கண்ணும் கையும் ஓய்வில்லாமல் ஓட, வாய் மட்டும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற வாய் என்ன செய்யும்? ஊர் வம்பு பேசும். மாமியாரைத் திட்டும். நாங்களும் வருஷக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், அக்கா வரும்வரை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தாவதோடு இவள் படிப்பை நிறுத்தி, அண்ணனைப் படிக்க வைத்தார்கள் வீட்டில். அந்த மகராசன் படிப்பையும் முடிக்கவில்லை, ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. இவளோ மருந்துச்சீட்டு, பொட்டலம் கட்டிய தாள் என்று எழுத்து கண்ணில் பட்டால் விடமாட்டாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர். பெண்டாட்டி கையில் புத்தகத்தைப் பார்த்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் அவர் வீட்டில் இருக்கிற நாளில் நூலகப் புத்தகம் அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த மூட்டையைத் தொடுகிற பழக்கம் அவருக்கு இல்லை என்பாள்.

ஒருநாள் அவள் ஒரு சரித்திரக் காதல் கதையிலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். ஓர் அரசன் காலத்தில் தனியாகக் குதிரை வியாபாரம் செய்கிற ஒருத்தியின் கதை. மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு தளபதி வருகிறான். அவளைக் கண்டதும் காதல். "நீ இசையாவிட்டால் உன் வாசலிலேயே உயிரை விடுவேன்" என்கிறான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாகிறதானால் அந்தப் பக்கம் போய்ச் சாகுங்கள், தளபதியாரே. இங்கே குதிரைகள் மிரளும்" என்கிறாள்.

மேஜையே குலுங்கியது. எங்களில் மூத்தவளான பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏய், நீ கத்தரிய கீழ வை. உன் பங்கு சட்டைய நாங்க அஞ்சு பேரும் பிரிச்சுக்கிறோம். நீ படி!" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது, 'ரேடியோ' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. தளபதிக்கு ஒரு குரல், குதிரைக்காரிக்கு ஒரு குரல், தளபதியின் அம்மாவுக்கு மூக்கால் ஒரு குரல். தளபதி சாணிக் குழியில் விழுந்து எழுந்த அத்தியாயத்தை மூன்று முறை படிக்கச் சொன்னோம். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டால்கூட, 'அந்தப் பக்கம் போய்ச் சாகுங்கள்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சிரித்துக்கொண்டே வெட்டியதில், எங்கள் மேஜையிலிருந்து முன்பைவிடக் கூடுதலாகச் சட்டைகள் போயின. இதை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது வாரம் புது மேற்பார்வையாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சிரிப்புச் சத்தம் கேட்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"இந்தம்மா கையில ஏன் கத்தரி இல்ல?"

எங்கள் கத்தரிகள் இன்னும் வேகமாக ஓடின.

"ஆறு பேர் சம்பளம், அஞ்சு பேர் வேலையா? யார் சொல்லி இவங்க படிக்கிறாங்க?"

பதில் ஒரே ஒரு வரி. 'நாங்கதான் சார் சொன்னோம், அவங்க பங்கையும் நாங்களே முடிக்கிறோம்.' அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் தலை போயிருக்காது. மிஞ்சிப்போனால் திட்டு விழுந்திருக்கும்.

அக்கா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரியம்மா ஒரு காலரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் பிசிறே இல்லாத ஒரு கைப்பட்டியில் பிசிறு தேடினேன். எவனுக்கும் தலைவணங்காத ஒருத்திக்காக மூன்று வாரம் கைதட்டிய ஐந்து பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டோம். தூ!

"நானாத்தான் படிச்சேன்" என்றாள் அக்கா.

அன்றைக்கே அவளைச் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா ஹாலுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பது மெஷின்கள் ஒன்றாகத் தடதடக்கிற இடம் அது. அங்கே பக்கத்தில் நிற்பவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் சைகைதான். புத்தகம் எங்கள் மேஜையிலேயே கிடந்தது. இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி. குதிரைக்காரி தளபதிக்கு என்ன பதில் சொன்னாள் என்று எங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

மேற்பார்வையாளர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் எங்கள் மேஜைக்குப் புதிது. நாங்கள் அப்படியில்லையே! அவள் குரலைத் தின்று வளர்ந்தவர்கள்தானே? இரண்டு வாரம் இந்த நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது. பெரியம்மாவிடம் சொன்னால், "நீ பேசியிருக்கலாமே" என்றாள். "நீங்க பேசியிருக்கலாமே" என்று நானும் கத்தினேன். அன்றிலிருந்து எங்கள் மேஜையில் பேச்சே இல்லை. சட்டையும் குறைந்துபோனது.

ஒரு மதியம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அக்கா கடைசி பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, கடைசி அத்தியாயம். நீங்க படிங்க. நாங்க யாரும் தொடல."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். தொடவில்லை.

"அன்னிக்கு மூடின வாய் இருக்குல்ல? அத இன்னிக்குத் திறந்து நீயே படி."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அடி எனக்குச் சேர வேண்டியதுதான். பக்கத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். தளபதி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லாயத்து வாசலில் நிற்கிறான். குதிரைக்காரி வாளியைக் கீழே வைக்கிறாள்.

"சத்தமா" என்றாள் அக்கா.

கொஞ்சம் கூட்டினேன்.

"இன்னும் சத்தமா."

வேண்டுமென்றே என்னைப் படுத்துகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் சத்தத்துல காது அடைச்சுப்போச்சு. ரெண்டு வாரமா சரியா கேக்கல. என்ன சொன்னா அவ?"

எழுந்து நின்றேன். கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். மூலை மேஜையில் மேற்பார்வையாளரும் இருந்தார். குதிரைக்காரியின் பதிலை, தொண்டை கிழிய, முதல் எழுத்திலிருந்து படித்தேன்.