மாத்திரையை நிறுத்திய பாகீரதி

தாராவியில் குடியிருந்த பாகீரதி, மாட்டுங்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவத்தான் சேர்ந்தாள். அவள் கைச்சுத்தத்தைப் பார்த்த, அங்கே ஆராய்ச்சி செய்துவந்த சுப்புலக்ஷ்மி மேடம் சீஸ் முதிரவைக்கும் அறையையே அவளிடம் ஒப்படைத்துவிட்டாள். இருபத்திநாலு சீஸ் கட்டிகள். தினமும் எல்லாவற்றையும் புரட்டி வைத்துத் துடைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் முதிரும்போது பாலிலுள்ள புரதம் துணுக்குத் துணுக்காக உடைகிறது, அதில் சில துணுக்குகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியவை என்று மேடம் வந்தவர்களிடம் விளக்குவாள். பாகீரதிக்கு ஏற்கெனவே பிரஷர். காது கொடுத்துக் கேட்டாள். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, கடையில் சீஸ் பாக்கெட் வாங்கி வேளைக்கு இரண்டு துண்டு தின்னத் தொடங்கினாள். வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

ஜூலையில் ஒருநாள் மழை கொட்டித் தீர்த்தது. ரயில் ஓடவில்லை. நெருளில் தன் வீட்டில் மாட்டிக்கொண்ட மேடம் போன் செய்தாள். "சீஸ் ரூம்ல கரண்ட் போயிடுச்சாம் பாகீரதி. அஞ்சு மாச உழைப்பு."

"நான் பாத்துக்கிடுதேன் மேடம்."

மீன்காரியிடம் ஐஸ் வாங்கிக் கோணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தே போனாள். கட்டிகளைச் சுற்றி ஐஸ் அடுக்கினாள். கடைசி வரிசையில் கை வைத்தபோது கண் இருட்டியது. வாட்ச்மேன் வேல்ராஜ்தான் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு.

சீஸ் கட்டிகள் கெடாமல் தப்பின. மறுநாள் மேடம் நேரே பாகீரதி வீட்டுக்கே வந்தாள். "மாத்திரை போடறீங்கதானே?"

"இல்ல. சீஸு தின்னா பிரஷர் குறையும்னு நீங்கதான சொன்னிய?"

மேடத்தின் முகம் வாடிவிட்டது. "தப்பு என்மேல. உங்க காதுல விழும்னு நெனைக்கல. நாங்க பாத்தது சோதனைக் குழாய்ல. மனுஷ உடம்புல எவ்வளவு வேலை செய்யும்னு இன்னும் சரியாத் தெரியாது. நீங்க வாங்கின சீஸ்ல உப்பு வேற ஜாஸ்தி."

"அப்ப நானே தின்னு ஏத்திக்கிட்டேனா!" பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டாள்: "உப்பக் குறைச்சுச் செய்ய முடியாதா மேடம்?"

"கெட்டுப்போகும், கசக்கும். ஆனா செஞ்சு பாக்கலாம்."

பாகீரதி மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தாள். ஆறு கட்டிகள் உப்புக் குறைத்துச் செய்தார்கள். பக்குவம் பார்த்தது அவள்தான். டிசம்பரில் அவள் பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. ஆறில் இரண்டு பூஞ்சணம் பிடித்துப் போயின. மற்ற நான்கிலும் அந்தத் துணுக்குகள் இருந்தன.

மேடம் நகக்கண் அளவு வெட்டிக் கொடுத்தாள். பாகீரதி மென்று பார்த்தாள்.

"லேசாக் கசக்கு. அடுத்த தடவ நல்லா வந்துரும் மேடம்."