சாரி கார்டு வைத்த இங்கிலீஷ் வண்டி

பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை நம்பி வெளியூர் போக முடியாது என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். நீங்கள் எந்த வண்டியை நம்பிப் போகிறீர்கள்? என் மகளுடைய ஸ்கூட்டரில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஒருநாள் பேசாமல் நின்றுவிடும். என்னைப் போல எதற்கும் பயப்படுகிறவனுக்கு அது ஆகாது.

என் வண்டி செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். சங்கிலி தளர்ந்தால் ஒரு சத்தம், வால்வு இடைவெளி கூடினால் வேறொரு சத்தம். வீட்டுக்கு வந்ததும் எஞ்சினுக்குக் கீழே எங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த சாக்கு ஒன்றை விரித்து வைப்பேன். காலையில் அதில் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவு எண்ணெய் சொட்டியிருந்தால் கிளம்புவேன். இடம் மாறியிருந்தால் எங்கே மாறியது என்று தெரிகிறவரை எங்கும் போவதில்லை. எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்து எங்கள் தெருவான வலியசாலையில் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷத்தில் எஞ்சின் என்னை வழியில் விட்டது இரண்டே தடவை. இரண்டு தடவையும் முதல் நாளே சாக்கு சொல்லியிருந்தது, நான்தான் அவசரப்பட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவில் எங்கள் கயிற்றுக்கடைக்கு வந்தவன். வண்டி அதற்கு ரொம்பக் காலம் கழித்து வந்தது. போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஷெட்டில் கிடந்ததை, என் கல்யாணத்துக்குச் சற்று முன்னால் வாங்கினேன். பெண் பார்க்கப் போனபோது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சேலை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு வைத்தால்தான் மகள் அந்த வண்டியில் ஏறுவாள். கரமனையில் ஒரு வெல்டிங் கடையில் கம்பியை வளைத்து, பின்சக்கரத்தின் இடதுபக்கம் சாரி கார்டு ஒன்றும், அதற்குக் கீழே இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு ஒருச்சரிந்து உட்காருகிறவர்கள் கால் வைக்க ஒரு தகடும் அடித்துப் பொருத்தினேன். அதற்காக இங்கிலாந்து மட்கார்டில் இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும், வித்துராவில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்கு இருவரும் அதில்தான் போய்வருகிறோம்.

போன வருஷம் எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எனக்குப் பிறகு இந்த வண்டி என்ன ஆகும்? மகளுக்கு அதை உதைத்துக் கிளப்பத் தெரியாது, மருமகனுக்கு ஆசை இல்லை. பழைய இரும்பு எடுக்க வருகிறவன் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாக நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது. அப்போதுதான் கிழக்கேகோட்டையில் அக்ரஹாரத்துக்காரர் ஒருவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வண்டியைப் பார்க்க வந்தார். பழைய வண்டி சேகரிப்பவர். அவருடைய ஷெட்டில் ஐந்து வண்டிகள் கண்ணாடிபோல் மின்னும். இடுப்புவலி வந்ததிலிருந்து எதிலும் காலைத் தூக்கிப் போட்டு உட்கார அவரால் முடியாது. துடைப்பதோடு சரி.

அவர் டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒண்ணுக்கொண்ணு சேர்றது, ஓய். டாங்க் பெயின்ட்கூட கம்பெனி பெயின்ட். இந்த மாதிரி கெடைக்கவே கெடைக்காதாக்கும்.” பிறகு டார்ச் இடதுபக்கம் வந்து நின்றது. “இதென்ன கோரம்?”

“சாரி கார்டு, சாமி.”

“இங்க்லண்ட்காரன் பொண்டாட்டி புடவையா கட்டிண்டா? இதைக் கழட்டிடும். ஓட்டையை நான் அடைச்சுக்கறேன். இது இருந்தா நாலு பேர்ட்ட காட்ட முடியாது. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

அவர் சொன்ன விலை நியாயமானது. அதைவிட, அவருடைய ஷெட்டில் மழை படாது, இரும்புக்காரன் வரமாட்டான். எனக்கு அது போதும் என்று தோன்றியது. மனைவியிடம் சொன்னேன். “உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்றாள். அடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாரி கார்டையும் கால்தகட்டையும் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினேன். ஞாயிறு வித்துராவுக்குப் போகிற நாள். அவள் ஹெல்மெட்டும் கையுமாக வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்கோ, நான் கால எங்க வைக்கதுக்கு?”

“இன்னைக்கு ஒரு நாளைக்கு என்னைப் பிடிச்சுக்கிட்டா போராதா?”

“அவரு வண்டி எடுக்கது நாளைக்கு. எனக்க எடத்த இன்னைக்கே எடுத்தாச்சு. பின்னே என்ன, நான் பஸ்ஸில போறேன். நீங்க இங்கிலீஷ்காரன் மாதிரி தனியா வாங்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஹெல்மெட்டை இருக்கையில் வைத்துவிட்டு பஸ் ஏறப் போனாள். நான் தனியாகக் கிளம்பினேன்.

பின்னால் ஆள் இல்லாத வண்டி வேறு வண்டி. நெடுமங்காடு தாண்டியதும், எத்தனையோ வருஷத்தில் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. தகரம் மெல்ல நடுங்குவதுபோல். நிறுத்திப் பார்த்தேன். செயின் சரி, நட்டுகள் இறுக்கம். கிளம்பினால் மறுபடியும் அதே நடுக்கம். தொளிக்கோட்டுக்கு அப்பால் ஒரு வளைவில் டப்பென்றது. பின்பக்க மட்கார்டைத் தாங்கும் கம்பி முறிந்து, மட்கார்டு டயரில் உரசிக்கொண்டிருந்தது.

பயப்படுகிறவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. நடக்கும் முன்புதான் அவனுக்குப் பயம், நடந்துவிட்டால் வேலையைப் பார்ப்பான். எல்லாவற்றையும் ஏற்கெனவே மனதில் நடத்திப் பார்த்திருப்பான். வண்டியைச் சாலையோர ரப்பர் மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய், உட்கார்ந்து, உடைந்த இடத்தைப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. அந்தத் தாங்குகம்பி எப்போதோ பாதி விரிசல் விட்டுத் துருப்பிடித்திருக்கிறது. இவ்வளவு காலம் மட்கார்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, மட்கார்டிலிருந்து சேஸ் வரை நீண்டிருந்த சாரி கார்டு. கரமனைக் கம்பி இல்லாமல் இங்கிலாந்து இரும்பால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுடைய கம்பியைத் திரும்ப மாட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கயிற்றுக்கடைக்காரன் பையில் கயிறு இல்லாமல் இருக்காது. மட்கார்டைத் தூக்கி, இருக்கையோடு சேர்த்து இழுத்துக் கட்டி, மெல்ல உருட்டிக்கொண்டே வித்துரா போய்ச் சேர்ந்தேன்.

தங்கை வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முதல்முதலாக எனக்கு முன்னால் வந்துவிட்டாள்.

“பஸ்ஸு வந்து எவ்வளவோ நேரமாச்சு” என்றவள், கயிற்றைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ இவ்வளவு காலமும் எனக்க கம்பிதான் இதைத் தாங்கிட்டு இருந்திருக்கு.”

“ஆமா.”

“சாமிட்ட சொல்லுங்கோ.”

“சொன்னா எடுக்கமாட்டாரு. எனக்குப் பெறகு இது என்னாகும்னுதான்...”

“வெறுதே பயந்து சாகாண்டாம். உங்களுக்குப் பெறகு நான் இருக்கேன்லா? அன்னைக்கு நான் கொண்டு குடுக்கேன். கம்பியோட.”

திரும்பும்போதும் அவள் பஸ்ஸில்தான் வந்தாள். திங்கள் காலை கடை திறக்கும் முன் தாங்குகம்பியைப் பற்றவைத்து, சாரி கார்டைப் பழைய ஓட்டைகளிலேயே முடுக்கினேன். அவள் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

சாமி சொன்னபடி ஆட்டோவில் வந்து இறங்கினார். கண் நேரே இடதுபக்கம்தான் போனது.

“திரும்ப மாட்டியாச்சா? இதை வெச்சுண்டு நான் யார்ட்ட ஓய் காட்டறது?”

“காட்டாண்டாம், சாமி. ஓட்டுங்கோ” என்றாள் மனைவி.

“எங்க ஓட்டறது? காலத் தூக்க முடிஞ்சா என் ஷெட்ல இருக்கற அஞ்சையும் ஓட்ட மாட்டேனா?”

“தூக்காண்டாம். நான் இருக்க மாதிரி ஒருச்சரிஞ்சு இருந்தா போரும்.”

அவள் தன் ஹெல்மெட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியைச் சேர்த்துப் பிடித்து, ஒருச்சரிந்து உட்கார்ந்து, கால்தகட்டைக் காலாலேயே தேடிக் கண்டுபிடித்தார். நான் ஒரே உதையில் கிளப்பினேன். கிழக்கேகோட்டை போகும் வழியில், நானும் அவளும் ஞாயிறுதோறும் வித்துரா போவதைச் சொல்லிக்கொண்டு போனேன். சிக்னலில் நின்றபோது பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

“விலை கொறையும், ஓய்.”

“குறைச்சுக்கிடுங்க, சாமி. இப்போ குடுக்கல்ல.”

“எப்போ குடுத்தாலும் கொறையும்” என்றார். கேட்டுக்குள் போனவர் திரும்பி வந்தார். “அடுத்த ஞாயித்துக்கெழமை வித்துரா போறேளா?”

“அது அவளுக்க எடம், சாமி.”

“சனிக்கிழமை?”

சனிக்கிழமை கடை உண்டு. ஆனாலும் வருகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்து வண்டியை நிறுத்தினேன்.