மீசைக்காரரின் மெட்டல் டிடெக்டர்

நீதிமன்ற வாசலில் காவல் நின்று ஓய்வு பெற்றவரை எல்லோரும் மீசைக்காரர் என்பார்கள். உள்ளே போகிறவர்களை மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. கைப்பிடி விரிசல் விட்டதால் கழித்துப் போட்ட தன் பழைய கருவியை ஆசையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இப்போது சினிமா தியேட்டரில் காவல் வேலை கிடைக்கவே, அது தேறுமா என்று பார்க்க, ரேடியோ பழுது பார்க்கும் மச்சினியிடம் கொண்டுபோனார். "இது இன்னும் தேறுமா மாமா?" என்றாள் அவள்.

"தேறாம என்ன? தினமும் காலையில இந்தப் பொத்தானை அழுத்துவேன், கீச்சுனு கத்தும். சாவி, பெல்ட்டெல்லாம் தட்டுல போடச் சொல்லிட்டுத்தான் தடவுவேன். ஒரு ஆளுகிட்டயும் கத்தினதில்ல. என் மீசையைப் பார்த்தே எவனும் எதையும் கொண்டு வரமாட்டான்!"

மச்சினி சிரித்துக்கொண்டே கருவியை ஸ்க்ரூடிரைவர் மேல் காட்டினாள். சத்தமில்லை. சுத்தியல் மேல் காட்டினாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினாள்.

"மாமா, பொத்தான் சத்தத்தை மட்டும்தான் எழுப்புது. உலோகத்தைக் கண்டுபிடிக்கிற சுருளுக்குப் போற கம்பி அறுந்து கிடக்கு. அறுந்த இடத்துல பச்சைக் களிம்பு பூத்திருக்கு பாருங்க. இது அறுந்து பல வருஷம் ஆச்சு."

மீசைக்காரர் குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். கொலை வழக்குக்கு வந்தவர்களையெல்லாம் இதால் தடவித்தானே உள்ளே விட்டார்! இதோடு சேர்த்து வாங்கிய இன்னொன்று இன்னும் அந்த வாசலில்தான் இருக்கிறது. உடனே அங்கே நிற்கும் காவலருக்குப் போன் போட்டார்.

"தம்பி, உன் கையில இருக்கிறதை ஒரு சாவிக்கொத்துகிட்ட காட்டு."

"எதுக்குண்ணே? காலையிலதான் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்."

"சொன்னதைச் செய்டா!"

சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

"அண்ணே... கத்தலையே."

"வாசலை மூடு!" என்று மீசைக்காரர் அலறினார்.