ஒன்பது நிமிட வழி

என் தங்கை தோர்காஸின் புருஷன் வெசானிதான் எங்கள் மலைக்கிராமமான ஹோபிமினின் விமான ஓடுபாதைக்கு ஏஜென்ட். ஆளையும் மூட்டையையும் தராசில் ஏற்றி எடை பார்ப்பான், புல்தரையில் மேயும் பன்றிகளை விரட்டுவான், காலையில் ரேடியோவில் வானிலை சொல்வான். எதிர்மலையின் பிளவு கண்ணுக்குத் தெரிந்தால் விமானம் வரும். தெரியாவிட்டால் வராது.

பிளவுக்கு அப்பால் திபாலின். ஆஸ்பத்திரி அங்கேதான். வரைபடத்தில் நூலை வைத்து அளந்து, முப்பத்தொரு கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தவன் வெசானி. அதோடு விட்டானா? இங்கே விமானம் எழும்பியதும் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே இறங்கியாயிற்று என்று ரேடியோவில் குரல் வரும்வரை அசையமாட்டான். பத்தொன்பது தடவை பார்த்துவிட்டு, 'ஒன்பது நிமிடம்' என்று பலகையில் எழுதி மாட்டினான். நடந்தால் இரண்டு நாள். அதை எழுதவில்லை.

தோர்காஸுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆகாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பிளவு முழுக்க மேகம். நான் ஆறு பேரைத் திரட்டி, கம்பில் போர்வை கட்டி எடுத்துக்கொண்டு போய் வெசானி முன் நின்றேன்.

"தூக்கிட்டுப் போயிடலாம் மச்சான். நாளைக்கு இருட்டுறதுக்குள்ள சேர்த்துடுவோம்."

"ஒன்பது நிமிஷ வழிக்கு ரெண்டு நாள் அவளை மலையில குலுக்கச் சொல்றியா? பத்து மணிக்கு மேகம் விலகிடும்."

அவளுக்குப் பரிசமாக அவன் வீட்டுப் பன்றிகளை வாங்கித் தின்றவர்கள் நாங்கள். அவன் சம்மதிக்காமல் அவளைத் தூக்க எங்களுக்கு உரிமையில்லை. பத்து மணி போயிற்று. மதியமும் போயிற்று. நடுவழியில் இருக்கும்போது விமானம் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டான். புதன்கிழமையும் அதே கேள்வி, அதே மேகம். உள்ளே அவள் அலறிக்கொண்டிருந்தாள். வியாழன் காலையில் சத்தம் நின்றுவிட்டது.

மதியம் பிளவு திறந்தது. அவளோடு நாங்கள் இருவரும் ஏறினோம். கீழே நடைபாதை முழுவதும் தெரிந்தது. பிரம்புப் பாலம், புதன் காலையில் நாங்கள் ஏறியிருக்க வேண்டிய மேடு, பிறகு ஆஸ்பத்திரியின் தகரக் கூரை. வெசானி பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான். அந்தக் கையை முறித்துப் போட வேண்டும்போல் இருந்தது. ஒன்பது நிமிடம்தான் ஆயிருந்தது.

தங்கை பிழைத்தாள். குழந்தை செத்து அரை நாள்தான் இருக்கும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நான் அவனை மச்சான் என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மரம் சாய்ந்து யாம்சேப் கிழவருக்குத் தொடை ஒடிந்தது. பிளவில் மேகம். வெசானி ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். ரேடியோவை அணைத்துவிட்டு, கம்பையும் போர்வையையும் அவனே எடுத்து வந்து முன்பக்கம் தோள் கொடுத்தான்.

"ரெண்டு நாள். கிளம்புங்க."

பின்பக்கம் நான் பிடித்தேன். பிற்பகலில் பிரம்புப் பாலத்தின் நடுவில் போகும்போது வானம் வெளுத்தது. தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். வெசானி மட்டும் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. தோள்பட்டையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"தோள் மாத்திக்கலாமா மச்சான்?" என்றேன்.

"அக்கரை வரட்டும்" என்றான்.