அம்மா திருப்பிச் சொன்ன சாட்சி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், தகரக் கூரை போட்ட எங்கள் சின்ன சபையில் அன்று அம்மா இருந்தார், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். பெண்கள் பக்கம், கீபோர்டுக்கு அருகில், எனக்குப் பேசி வைத்திருந்த அவள் இருந்தாள். ஆண்கள் பக்கம், எனக்கு நேர் முன்னால் அவளுடைய அப்பா இருந்தார். என் அப்பா மட்டும் இல்லை. பூந்தமல்லி பக்கம் ஒரு குடோனில் அவருக்கு மூட்டை இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தாலும் போயே ஆகவேண்டும். அவர் இருந்திருந்தால் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார் என்று அக்கா இன்றும் சொல்கிறாள்.

அம்மா எழுந்து நின்றது எதற்கு என்று புரிய வேண்டுமென்றால், என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சபையில் என் வயதுப் பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எம்.எல்.ஏ. அடிக்கடி வெளிநடப்பு செய்வேன் என்பதால். பிரசங்கம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட என்னால் உட்கார முடியாது. ஃபேன் சத்தம் ஒரு பக்கம் இழுக்கும், கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம் ஒரு பக்கம். நடுவில் வண்டியைப் பூட்டினோமா என்று ஒரு கேள்வி வரும். போய்ப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால், பார்க்கும்போது பூட்டியிருந்ததா என்று அடுத்த கேள்வி வரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வேதாகமத்தை அம்மா காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர். அப்படிப்பட்டவர்கள் படிக்கவைத்த பையன், ஐயப்பன்தாங்கலில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மெயிலை முழுதாக முடிக்க முடியாமல் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். பதற்றத்துக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். வீட்டில் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன்.

அதைக் கொடுத்த டாக்டரம்மாதான் ஒருநாள் என் சின்ன வயதைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு, எனக்குப் பதற்றம் மட்டுமில்லை, அதற்கடியில் ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடும் இருக்கிறது என்றார். ஏடிஹெச்டி குழந்தைகளுக்குத்தானே வரும் என்று கேட்டேன். "குழந்தைங்க வளராம அப்படியேவா இருப்பாங்க?" என்று சிரித்தார். கவனத்துக்காக அவர் எழுதிய மாத்திரை நெஞ்சுத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டும் வகை. பதற்றக்காரனுக்கு அது சரிவருமா என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார். பி.பி. பார்த்தார், மிகக் குறைந்த அளவில் தொடங்கினார், பழைய மாத்திரையையும் விடக்கூடாது என்றார், காபியை விடச் சொன்னார். முதல் நாட்களில் பயமாகத்தான் இருந்தது. இதயம் வேகமாக அடித்தால், இது மாத்திரையா, பயமா, இல்லை மாடிப்படி ஏறியதா என்று நானே மூன்று பேராகப் பிரிந்து விவாதம் நடத்துவேன். பிறகு மெல்லப் பழகியது.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு விடுமுறை நாள் மதியம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு ஆய்ந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டையை அவர் சொல்ல ஆரம்பித்தார். பலமுறை பாதிவரை கேட்ட கதைதான். சண்டை போட்ட அந்தப் பெண்தான் அக்கா பிறந்தபோது பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவர் என்பது கதையின் முடிவு. அன்றுதான் அந்த முடிவை முதல்முறையாகக் கேட்டேன். அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் எழுந்தார். எங்கள் சபையில் அது வழக்கம். அந்த வாரம் கடவுள் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஓரிடத்தில் உட்காராத தன் மகனைக் கர்த்தர் முழுதாகக் குணமாக்கிவிட்டார் என்று அம்மா அழுதபடி சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் கீபோர்டு வாசிக்கும் அவள் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். பையன் படித்தவன், இப்போது நிதானமும் வந்துவிட்டது என்று அவள் அப்பாவே அக்காவிடம் சொல்லியனுப்பினார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அவள் கணக்கு பார்க்கிறாள், ஞாயிறுகளில் கீபோர்டு வாசிக்கிறாள் என்பதற்குமேல் எனக்கு அவளைப் பற்றி நிறையத் தெரியும். அதற்குமுன் இரண்டு வருடமாக, நான் வெளிநடப்பு செய்துவிட்டுத் திரும்பி வந்தது அவள் வாசிப்பதைக் கேட்கத்தான்.

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். நெருக்கியடித்து உட்கார்ந்த ஷேர் ஆட்டோவில் ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் நானும் டிரைவரும் மட்டும் போகிற மாதிரி இருக்கும் என்றேன்.

"டிரைவர் யாரு, நீங்களா, மாத்திரையா?"

"பகல்ல நான்தான். சாயங்காலம் அது எறங்கிடும். அப்புறம் யாரு ஓட்றாங்கன்னே தெரியாது."

சிரித்தாள். "அப்போ சாயங்காலத்துல முக்கியமான எதையும் உங்ககிட்ட கேக்கக் கூடாது" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்றேன். அதற்கு எந்த நோயும் காரணமில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா என் அலமாரியைத் துடைக்கும்போது மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். படிக்கத் தெரியாததால் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனை மருந்துக்கடையில் காட்டியிருக்கிறார். இது மூளைக்குக் கொடுப்பது, சும்மா யாருக்கும் விற்கமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் வேலையிலிருந்து வரும்போது அம்மா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் எவ்வளவோ விளக்கினேன். நோயைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. அவர் கவலை வேறு.

"கர்த்தர் சந்நிதியில பொய் சொல்லிட்டேனே நைனா" என்றார்.

அந்தச் சாட்சி உண்மையாக வேண்டும். அதற்கு அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி, நான் எல்லா மாத்திரையையும் நிறுத்துவது. எனக்காக உபவாசம் இருப்பதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து உண்மையிலேயே பட்டினி கிடந்தார். காய்ந்த உதட்டோடு எனக்கு டிபன் கட்டிக் கொடுத்த அந்த முகத்தைப் பார்த்தபிறகு எந்த அட்டையைப் பிரிப்பது? அவளோடு நடக்கப்போகிற கல்யாணமும் அந்தச் சாட்சியின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. பதற்றத்துக்கானது, கவனத்துக்கானது இரண்டையும் ஒரே நாளில் விட்டு, அட்டைகளை அம்மாவிடமே கொடுத்தேன்.

சில நாட்களிலேயே தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் சுரீர் என்றது. தலையைத் திருப்பினால் உலகம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. அலுவலகத்தில் ஒரு முக்கியமான வேலையைக் கோட்டைவிட்டேன். அன்று மாலை பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறி, சென்னீர்குப்பம் வருவதற்குள் மூச்சு முட்டியது. நெஞ்சு அடித்த அடியில் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இறங்கி, ஒரு பஞ்சர் கடை வாசலில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னா தம்பி, சரக்கா?" என்றார். தலையாட்ட மட்டும் முடிந்தது. இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்றா, தெரியாது. அம்மாவுக்கு போன் செய்தேன்.

ஆட்டோ பிடித்து அம்மா வந்து சேர்ந்தார். வந்ததும் டாக்டரம்மாவுக்கு போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா போன் பக்கம் குனிந்து, "நான்தாம்மா" என்றார்.

பதற்றத்துக்கான மாத்திரையைத் தானாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், அதை இன்றே பழையபடி தொடங்க வேண்டும், கவனத்துக்கானதை மட்டும் இந்தப் படபடப்பில் தொடவேண்டாம், காலையில் நேரில் வரட்டும் என்றார் டாக்டரம்மா. அம்மா தன் கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, அதன் ஜிப் உறையைத் திறந்தார். உள்ளே என் மாத்திரை அட்டைகள் இருந்தன. தூக்கியெறிந்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, மூச்சு சீராகும்வரை உட்கார்ந்திருந்தோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மாவும் என் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நான் சொன்ன சொல்லு நிக்கணும்னு நீ வுழுந்து சாவணுமா? நானே போய் மாத்திச் சொல்றேன்" என்றார்.

கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். அவளுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அம்மா வேதாகம உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"பொண்ணுக்குத் தெரியும். அவங்கப்பனுக்குத் தெரியாது. அந்தாளு என் வாயை நம்பித்தானே பொண்ணு குடுக்க வந்தாரு."

டயரிலிருந்து எழுந்து அம்மாவுக்குக் கை கொடுத்தேன்.

அதற்கடுத்து வந்ததுதான் நான் முதலில் சொன்ன அந்த ஆகஸ்ட் ஞாயிறு. பாஸ்டர் சாட்சி நேரம் என்றதும் அம்மா எழுந்தார். அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா விலக்கிக்கொண்டார்.

"எம் புள்ளையக் கர்த்தர் கொணமாக்கிட்டார்னு சொன்னேன். மாத்திரை சாப்டுறான்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்பறம் நான்தான் நிறுத்த வச்சேன். அவனுக்கு ஒடம்பு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இப்போ திரும்ப சாப்டுறான், இனிமேலும் சாப்டுவான். எங்கூட உக்காந்து கீரை ஆயுறானே, அந்த நன்மையை மாத்திரை வழியாத்தான் குடுத்தாரு. அதுக்கு ஸ்தோத்திரம்."

வழக்கமாக ஒரு சாட்சி முடிந்தால் சபையே ஆமென் என்று சொல்லும். அன்று யாரும் சொல்லவில்லை. பாஸ்டர்கூடத் தடுமாறிப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு முன்னால் இருந்த அவள் அப்பாவின் கழுத்து அசையவே இல்லை. அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆமென் வராமல் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. சத்தமாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "ஆமென்." கீபோர்டில் கை வைத்தபடி என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை, பார்வையையும் திருப்பவில்லை. அம்மா உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் அவள் வீட்டில் அக்கா மூலம் சொல்லியனுப்பினார்கள். பையன் மேல் குறையில்லை, மூளைக்கு மாத்திரை என்றால் சொந்தக்காரர்களிடம் பதில் சொல்ல முடியாது என்றார்கள். தன் அப்பாவிடம் அவள் பல நாள் மல்லுக்கட்டியதாகக் கேள்விப்பட்டேன். பிறகு அந்தக் குடும்பம் அம்பத்தூர் பக்கம் வேறொரு சபைக்குப் போய்விட்டது. அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது.

அம்மா உண்மையைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அப்பாதான் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். இப்போது குடோனிலிருந்து தினமும் காலையில் போன் செய்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். வேலை நிலைத்துவிட்டது. நானும் பிரசங்கம் முடியும்வரை உட்காருகிறேன், எம்.எல்.ஏ. பதவி வேறொரு பையனுக்குப் போய்விட்டது. சபையில் இப்போது ஒரு பள்ளிக்கூடப் பெண் கீபோர்டு வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த உண்மைக்காக நாங்கள் கொடுத்த மொத்த விலை, ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் எழும் ஆமென்களுக்கு நடுவே நான் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு குரல்.